ஓலையில் ஏறிய வீடுகள்: செங்கற்பட்டுச் சீமையில் கணக்கும் அந்தரங்கமும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துள் அடங்குவதுமான உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து ஆளைத் தெரிவு செய்யும் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஒருவரைப் பற்றிய செய்தியை யார் அறியலாம் என்னும் கேள்விக்கும் அவற்றில் விடை உண்டு. வாரியம் எனப்பட்ட ஊர்ப்பணிக் குழுவில் இடம்பெறுவதற்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டும் என்று விதித்த ஊர்ச்சபை, முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்தது. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் பிற சாதியினருக்கும் இடமளிக்காத பிராமணச் சபை அது என்பதை மறைத்துவிட்டுப் புகழ்வது முறையாகாது. எனினும் அங்கே தம் நிலபுலத்தையும் கணக்கையும் ஊரார் முன் வைக்கக் கடமைப்பட்டவர் பதவி நாடியவரே. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டும் ஊரார் தமக்குள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பாட்டையே பதிவு செய்கிறது. உடன்பட்டவர்கள் வாழ்ந்த ஊரிலேயே, அவர்கள் பார்வையிலேயே அந்தக் கணக்கு நின்றது.

கணக்குக் காட்டுவதன் இந்தத் திசை தலைகீழாக மாறியதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தெளிவாகக் காணலாம். ஆர்க்காட்டு நவாபு முகமதலி 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையுடன் அளித்தபின், பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, கோயில், மானியம் ஆகியவற்றோடு குடிகளும் அவர்கள் தொழில்களும் அதில் இடம்பெற்றன. கணக்குப்பிள்ளைகள், அதாவது ஊர்க்கணக்கை வழிவழியாக எழுதி வந்தவர்கள், தமிழில் எழுதிய ஓலைகளில் வீடுவீடாக, மனையின் நீள அகலம் வரை விவரங்கள் ஏறின. சென்னை ஆவணக் காப்பகத்திலிருந்த ஆங்கிலச் சுருக்கங்களை வரலாற்றாய்வாளர் தரம்பால் 1960களில் கண்டெடுத்ததும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்ட ஓலைகளைக் கொள்கை ஆய்வு மையத்தார் பின்னர் ஆராய்ந்ததும் தமிழக வரலாற்றெழுத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. வண்ணார், குயவர், தச்சர், ஏரி காப்போர் என ஊர் விளைச்சலில் பங்கு பெற்ற எளியோரை இத்தனை நெருக்கமாகக் காட்டும் வேறு சான்று அரிது. ஆனால் அந்த நெருக்கம் வரலாற்றாசிரியருக்காக உண்டானதன்று. வரி வாங்கும் கம்பெனிக்காக எடுத்த கணக்கில், தன் வீடு ஏன் அளக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை குடியானவனுக்கு இல்லை, எழுதப்பட்ட சுவடி போய்ச் சேர்ந்த இடமும் அவனுக்கு எட்டாத இடம். அதே சீமையில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மிராசுதாரர்களின், அதாவது பரம்பரை நிலவுரிமையாளர்களின், உரிமைகளையும் வருவாயையும் துருவி ஆராய்ந்தபோது அவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது.

எண்ணப்படுவது உடலுக்கே வந்தது இருபதாம் நூற்றாண்டில். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 1911ஆம் ஆண்டு வடிவம், பதிவு செய்யப்பட்ட சமூகத்தாரின் விரல்ரேகையை எப்போது வேண்டுமானாலும் பெற மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்ததால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதைப் பிறர் பார்வையிடவோ நீதிமன்றச் சான்றாக்கவோ கூடாது எனத் தடுத்தது. பர்னார்டின் ஓலைகளுக்கு அத்தகைய காப்பு ஏதும் இருந்ததில்லை.

கணக்குப்பிள்ளை, கர்ணம் முதலிய பரம்பரைப் பதவிகள் தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். 2010 முதல் வழங்கப்பட்ட ஆதார் எண், பத்து விரல்ரேகைகளையும் இரு கருவிழிப் பதிவுகளையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்தது. அதை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். மாமல்லபுரத்துக்குச் செல்லும் பழைய சாலையோரம், சிறுசேரி சிப்காட் வளாகத்தில், இன்று தரவு மையங்கள், அதாவது இணையத்தில் மக்கள் விட்டுச்செல்லும் தகவல்களைக் கணினிகளில் சேமிக்கும் கட்டடங்கள், எழுந்துள்ளன. தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023இல் இயற்றப்பட்ட சட்டமோ, தன் 44(3) பிரிவால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவலானாலும் பெரும் பொதுநலனுக்காக வெளியிடலாம் என்று அங்கேயே இருந்த விலக்கை எடுத்துவிட்டது. குடியானவனின் வீட்டுக்குத் தேவைப்பட்ட மறைவு இதனால் அதிகாரியின் சொத்துக் கணக்குக்கும் கிடைக்கக்கூடும். அதைக் கேட்பவருக்கு, பொதுநலன் பெரிதா தீங்கு பெரிதா என்று தகவலைக் கையில் வைத்திருக்கும் அலுவலகமே எடைபோடும் 8(2) பிரிவுதான் எஞ்சியிருக்கிறது.