டமஸ்கஸ் ஹிஜாஸ் நிலையம்: ஹாஜிமாருக்காகக் கட்டிய புகையிரத நிலையத்தின் கதை



சிரியாவின் தலைநகரான டமஸ்கஸின் நட்ட நடுவில், ஹமீதிய்யா கடைத்தெருவில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், நஸ்ர் வீதியின் முடிவில் ஒரு புகையிரத நிலையம் நிற்கிறது. முன்னால் ஒரு பழைய நீராவி எஞ்சின். உள்ளே டிக்கட் கொடுக்கும் மரக் கவுண்டர்கள். மேலே கண்ணைப் பறிக்கும் வர்ணக் கூரை. எல்லாம் இருக்கிறது, புகையிரதம் மட்டும் இல்லை. நிலையத்தின் பின்பக்கம் தண்டவாளமே கிடையாது.

இதுதான் ஹிஜாஸ் புகையிரத நிலையம். உலக முஸ்லிம்களின் காசும் உழைப்பும் கலந்து டமஸ்கஸில் இருந்து மதீனா வரை போட்ட பாதையின் தலை நிலையம். இந்தப் பாதையைப் பற்றி வட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. "முழுக்க முழுக்க முஸ்லிம்களின் நன்கொடையில் கட்டினார்கள், ஆங்கிலேயன் லோரன்ஸ் வந்து உடைத்துவிட்டான்" என்று இரண்டே வரியில் கதை முடிந்துவிடும். இரண்டு வரியிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. நம் பிள்ளைகள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஏன் டமஸ்கஸ்?

உஸ்மானியர் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகும் பெரிய கபீலாக்கள் இரண்டு. ஒன்று கெய்ரோவில் இருந்து, மற்றது டமஸ்கஸில் இருந்து. துருக்கி, பல்கன் நாடுகள், மத்திய ஆசியா, ஈராக், சிரியா என்று பல திசைகளில் இருந்தும் வந்தவர்கள் டமஸ்கஸில் ஒன்றுகூடி, அமீருல் ஹஜ்ஜின் தலைமையில் ஒட்டகங்களில் புறப்படுவார்கள். மதீனா போய்ச் சேர ஏறத்தாழ 40 நாள். தண்ணீர்த் தட்டுப்பாடு, நோய், கொள்ளை எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டில் இருந்து புறப்படும்போதே வஸிய்யத் எழுதி வைத்துவிட்டுப் போன காலம் அது.

1900ஆம் ஆண்டு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், டமஸ்கஸில் இருந்து மதீனா வழியாக மக்காவுக்குப் புகையிரதப் பாதை போடும்படி கட்டளையிட்டார். அவருடைய செயலாளரான இஸ்ஸத் பாஷா அல் ஆபித் டமஸ்கஸ்காரர். இந்தத் திட்டத்தின் பின்னால் மிகவும் பாடுபட்டவர் அவர்.

ஹாஜிமாரின் வசதி மட்டும்தான் நோக்கமா? இல்லை. ஹிஜாஸுக்கும் யெமனுக்கும் படையை வேகமாக அனுப்பவும், தூரத்து மாகாணங்களைக் கைக்குள் வைத்திருக்கவும் இஸ்தான்பூலுக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. சுயஸ் கால்வாய் பிரித்தானியரின் பிடியில் இருந்த காலம் அது. சுல்தான் ஹாஜிமாருக்கு உதவ நினைத்ததும் உண்மை, அரசியல் கணக்குப் போட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு.

காசு எங்கிருந்து வந்தது?

அப்போது உஸ்மானிய அரசு ஐரோப்பிய வங்கிகளிடம் கழுத்தளவு கடனில் இருந்தது. இந்தப் பாதைக்கு மட்டும் வெளிக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். சுல்தான் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஆரம்பித்து வைத்தார். எகிப்தின் கெதீவும் ஈரானின் ஷாவும் உதவினார்கள். இந்தியாவில் லாகூர் பத்திரிகை ஆசிரியர் முஹம்மத் இன்ஷாஅல்லாஹ், ஹைதராபாத்தைச் சேர்ந்த முல்லா அப்துல் கையூம் போன்றவர்கள் ஊர் ஊராக நிதி சேர்த்தார்கள். கொடுத்தவர்களுக்கு, கொடுத்த தொகைக்கு ஏற்ப நிக்கல், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் கிடைத்தன.

நம் ஊர் ஆட்களுக்கு உடனே விளங்கக்கூடிய ஒரு விஷயம் சொல்கிறேன். உழ்ஹிய்யா கொடுத்த பிராணிகளின் தோலைச் சேர்த்து விற்று, அந்தக் காசையும் பாதைக்குப் போட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று பள்ளிவாசலுக்குத் தோல் சேர்க்கும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அதே தோல், அங்கே தண்டவாளமாக மாறியது.

ஆனாலும் நன்கொடை மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி எங்கிருந்து? அரச ஊழியர்களின் சம்பளத்தில் வெட்டினார்கள். முத்திரை வரிகள் போட்டார்கள். அரச வருமானத்தைத் திருப்பினார்கள். வேலையைச் செய்தவர்களில் பெரும்பான்மையானவர்கள் உஸ்மானியப் படைவீரர்கள். பாலைவன வெயிலிலும், கொலரா போன்ற நோய்களிலும் இறந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். "நன்கொடையால் கட்டியது" என்று பெருமையாகச் சொல்லும்போது, பதக்கம் கிடைக்காத அந்தச் சிப்பாய்களையும் நினைக்க வேண்டும்.

பாதை போட்ட விதம்

பிரதான பொறியியலாளர் ஹைன்ரிச் மைஸ்னர் என்ற ஜேர்மனியர். பிற்காலத்தில் மைஸ்னர் பாஷா ஆனார். தண்டவாளங்களும் எஞ்சின்களும் ஐரோப்பாவில் இருந்து வந்தன. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1050 மில்லிமீற்றர். பெய்ரூத்தில் இருந்து டமஸ்கஸுக்கு பிரெஞ்சுக் கம்பனி ஒன்று 1895இல் போட்டிருந்த பாதையின் அகலமும் அதுவே. ஒரே அகலமாக இருந்தால் துறைமுகத்தில் இறக்கிய சாமானை நேரே கொண்டுவரலாம். பிறகு அந்தக் கம்பனியின் கூலியில் தங்கியிருக்க விரும்பாமல், 1905இல் தர்ஆவில் இருந்து ஹைஃபா துறைமுகத்துக்குத் தனிக் கிளைப் பாதையும் போட்டார்கள்.

1904இல் மஆன், 1906இல் தபூக் என்று பாதை தெற்கே போனது. அல் உலாவுக்குத் தெற்கே முஸ்லிம் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதியில்லை. அதனால் கடைசிப் பகுதியை முஸ்லிம் பொறியியலாளர்களே செய்து முடித்தார்கள். அதுவரை வெளிநாட்டவரின் கீழ் வேலை பழகியவர்கள், அந்த இடத்தில் பொறுப்பைத் தாங்களே எடுத்தார்கள். இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1908 செப்டம்பரில், சுமார் 1300 கிலோமீற்றர் தாண்டி, புகையிரதம் மதீனாவை அடைந்தது. 40 நாள் பயணம் மூன்று நான்கு நாளாகச் சுருங்கியது.

நிலையத்தின் அழகு

பாதை மதீனா போய்ச் சேர்ந்த பிறகுதான் டமஸ்கஸ் நகர நிலையம் வந்தது. முதலில் நகரத்துக்குத் தெற்கேயுள்ள கதம் நிலையமே புறப்படும் இடமாக இருந்தது. நகர நடுவிலுள்ள நிலையம் 1913இல் திறக்கப்பட்டது. பாதையைத் தொடங்கிய சுல்தான் அதற்கு நாலு வருடங்களுக்கு முன்பே, 1909இல், பதவி இழந்துவிட்டார். நிலையம் திறந்தபோது அவர் காவலில் இருந்தார்.

கட்டடத்தை வரைந்தவர் ஃபெர்னாண்டோ டி அராண்டா. 1878இல் ஸ்பெயினின் மட்ரிட் நகரில் பிறந்தவர். தந்தை சுல்தானின் அரண்மனை இசைக்குழுவுக்குப் பொறுப்பாக இருந்ததால் இஸ்தான்பூலில் வளர்ந்தார். பிறகு டமஸ்கஸுக்கு வந்து, இஸ்லாத்தைத் தழுவி, அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்து 1969இல் அங்கேயே காலமானார். அந்தலூஸை நாம் இழந்த கதையைத்தான் அதிகம் பேசுகிறோம். ஸ்பெயினில் இருந்து ஒருவர் வந்து டமஸ்கஸில் ஹாஜிமாருக்கு நிலையம் கட்டிய கதையும் நம்மிடம் உண்டு.

முகப்பு முழுக்கக் கல். நடுப்பகுதி உயர்ந்து முன்னுக்கு நிற்க, இருபக்கமும் சமமான இரண்டு சிறகுகள். நடுவில் பெரிய வளைவுகள். கட்டடத்தின் ஒழுங்கு ஐரோப்பியம், வளைவும் அலங்காரமும் கிழக்கு. இலண்டன், பாரிஸ் நிலையங்களைப் போல இரும்பும் கண்ணாடியுமான பிரமாண்டக் கூரையெல்லாம் இங்கே இல்லை. கட்டடமும் பெரிதல்ல.

உள்ளே போனால்தான் விஷயம் விளங்கும். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே மண்டபம். மேல் மாடியில் சுற்றிவர மரக் கைப்பிடி போட்ட நடைபாதை. நிறக் கண்ணாடி பதித்த யன்னல்கள் வழியாக வெளிச்சம் இறங்கும். கூரை மரத்தால் ஆனது. அதில் டமஸ்கஸ் கைவினைஞர்களின் நுணுக்கமான வர்ண வேலை, நடுவில் பெரிய சரவிளக்கு. டமஸ்கஸின் பழைய வீடுகளும் இப்படித்தான். தெருவில் நின்று பார்த்தால் அடக்கமான சுவர், உள்ளே போனால் வர்ணம் தீட்டிய கூரை, நீர்த்தடாகம், தோட்டம். அராண்டா புகையிரத நிலையத்துக்குள் ஒரு டமஸ்கஸ் வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூர நாட்டு ஹாஜி ஒருவர் பயணத்துக்கு முன் நிற்கும் இடம், ஒரு விருந்தாளியை வரவேற்கும் வீட்டு மண்டபம் போல இருக்கிறது.

யார் உடைத்தார்கள்?

இப்போது கசப்பான பகுதி.

மதீனாவில் இருந்து மக்காவுக்குப் பாதை நீளவே இல்லை. மக்காவின் ஷரீப் விரும்பவில்லை. ஒட்டகம் வாடகைக்கு விட்டும், கபீலாக்களைப் பாதுகாத்தும் பிழைத்த பதவி கோத்திரங்களும் விரும்பவில்லை. அவர்களுடைய பல நூற்றாண்டுப் பிழைப்பைப் புகையிரதம் பறித்தது. அவர்களுக்கு ஒரு மாற்று வழியை யாரும் சரியாக யோசித்துக் கொடுக்கவில்லை. நல்ல திட்டம்தான், ஆனால் அதனால் வயிற்றில் அடிபட்டவர்களைக் கேட்காமல் செய்த திட்டம்.

1914இல் முதலாம் உலகப் போர் வந்தது. ஹாஜிமாரின் பாதை படையின் பாதை ஆனது. நிலக்கரி வராததால் எஞ்சின் எரிக்க மரங்களை வெட்டினார்கள், ஒலிவ மரங்கள் உட்பட. 1916இல் ஷரீப் ஹுஸைன் உஸ்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். பாதையை வெடிவைத்துத் தகர்த்ததில் லோரன்ஸுக்கும் பிரித்தானியருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் லோரன்ஸுடன் போனவர்கள் அரபு முஸ்லிம்கள். பாதையைக் காத்து நின்றவர்களும் முஸ்லிம்கள். மதீனாவில் முற்றுகைக்குள் இருந்த ஃபக்ரி பாஷா, உலகப் போர் முடிந்த பிறகும் சரணடையாமல் 1919 ஜனவரி வரை நின்றார். "ஆங்கிலேயன் உடைத்தான்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவனுக்குக் கை கொடுத்த பிளவு நம்முடையது.

வக்ஃபுக்கு என்ன நடந்தது?

போருக்குப் பிறகு ஒரே பாதை துண்டு துண்டானது. சிரியப் பகுதி பிரான்ஸிடம், பலஸ்தீனும் ஜோர்தானும் பிரித்தானியாவிடம், தெற்குப் பகுதி ஹிஜாஸிடம். இது உலக முஸ்லிம்களின் வக்ஃபு, யாரும் பங்கு போட முடியாது என்று முஸ்லிம்கள் வாதாடினார்கள். 1923 ஜனவரியில் லொசான் மாநாட்டில் பிரித்தானியாவும் பிரான்ஸும் பாதையின் சமயத் தன்மையை ஏற்பதாக அறிவித்தன. ஓர் ஆலோசனை சபையும் பேசப்பட்டது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. மதீனாவுக்கு மட்டும் புகையிரதம் ஓடவில்லை. 1960களில் ஜோர்தான், சிரியா, சவூதி சேர்ந்து மீண்டும் போட முயன்றன. 1967 யுத்தத்தோடு அதுவும் நின்றது.

டமஸ்கஸ் நிலையத்தைக் குண்டு தகர்க்கவில்லை. 2000களில், நிலையத்தின் பின்னால் வணிகத் தொகுதி ஒன்று கட்டுவதற்காகத் தண்டவாளங்களைப் பிடுங்கிப் பெரிய குழி தோண்டினார்கள். புகையிரதங்கள் கதம் நிலையத்துக்கு மாறின. தொகுதி எழும்பவில்லை, குழி மிஞ்சியது. பிறகு வந்த உள்நாட்டுப் போர் கதம் பட்டறைகளையும் விட்டுவைக்கவில்லை.

போர் உடைத்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கடை வாடகை வரும் என்று ஒரு வக்ஃபின் நோக்கத்தையே தோண்டி எடுத்ததைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

நமக்கு என்ன?

நம்மில் பலர் உம்ராவுக்குப் போகிறார்கள். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியில் இருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அன்பரிய்யா பள்ளிவாசல் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பழைய கட்டடம்தான் இந்தப் பாதையின் மறுமுனை நிலையம். இன்று அது அருங்காட்சியகம். அதன் வளவுக்குள்ளேயே சிறிய ஸுக்யா பள்ளிவாசலும் இருக்கிறது. பேரீச்சம்பழம் வாங்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அன்று நீளாமல் போன மதீனா - மக்கா தூரத்தை 2018இல் இருந்து ஹரமைன் அதிவேகப் புகையிரதம் கடக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் வக்ஃபுக் காணிகள், கட்டடங்கள், கிணறுகள் இருக்கின்றன. எந்த மூத்தம்மா எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உறுதி எங்கே, யார் பெயரில், என்ன நிபந்தனையோடு என்று தேடி எழுதி வைப்பது நம்பிக்கையாளர் சபையின் வேலை மட்டுமல்ல, கேட்டுத் தெரிந்துகொள்வது ஜமாஅத்தாரின் கடமையும்தான். ஒரு பழைய கட்டடத்தை இடித்துக் கடை கட்ட முன், அதைக் கொடுத்தவரின் எண்ணம் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்.

உங்கள் ஊரில் இப்படி வக்ஃபு செய்த பழைய கட்டடம், கிணறு, மடம் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை வைத்து அவற்றை ஒரு பட்டியலாக்கலாம், இன்ஷா அல்லாஹ்.