பயில்வான் என்ற சொல்லுக்கு உரியவர்

ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் எக்காலத்துக்கும் பெரியவர் யார் என்ற விவாதம் பெரும்பாலும் பதக்கக் கணக்கிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றது. ஆண்களைப் பொறுத்தவரை அக்கணக்கு சோவியத் யூனியனின் அலெக்ஸாந்தர் மெத்வெத்தையே முன்னிறுத்தும். 1964, 1968, 1972 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். அத்துடன் ஏழு உலகப் பட்டங்கள். அவருக்கு அருகில் வருபவர் தாகெஸ்தானில் பிறந்த செச்னிய முஸ்லிமான புவைசார் சைத்தியேவ். 1996, 2004, 2008 ஒலிம்பிக் தங்கங்களோடு ஆறு உலகப் பட்டங்களையும் வென்ற அவர் 2025இல் காலமானார்.

இந்தப் பட்டியலில் ஈரானின் குலாம் ரிழா தக்தி பின்தங்கியே நிற்பார். 1956இல் மெல்பேர்னில் ஒலிம்பிக் தங்கம், 1952இலும் 1960இலும் வெள்ளி, 1959, 1961இல் உலகப் பட்டங்கள். அவ்வளவுதான். ஆயினும் ஈரானியர் அவரையே 'ஜஹான் பஹ்லவான்', அதாவது உலகப் பயில்வான் என்கின்றனர்.

நாம் வழங்கும் 'பயில்வான்' என்ற சொல் பாரசீகத்தின் 'பஹ்லவான்' என்பதிலிருந்து வந்ததே. நம்மிடம் அது உடற்கட்டை மட்டும் குறிக்கின்றது. ஈரானின் மரபுவழி உடற்பயிற்சிக் கூடமான ஸூர்கானாவில் அதன் பொருள் விரிந்தது. அங்கு ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களே முன்மாதிரி. பலத்தோடு பணிவும், எளியவருக்கு உதவும் குணமும் உள்ளவனே அங்கு பஹ்லவான்.

1962இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் நடந்த உலகப் போட்டியில் தக்தியும் மெத்வெத்தும் மோதினர். மெத்வெத்தின் ஒரு கால் காயமுற்றிருப்பதை அறிந்த தக்தி, அக்காலைத் தொடாமலேயே போரிட்டார் என்று சொல்லப்படுகின்றது. தங்கம் மெத்வெத்துக்கு, வெள்ளி தக்திக்கு. எதிரியின் பலவீனத்தைப் பயன்படுத்துவது விதிக்கு முரணானதல்லவே என்று இன்று யாரும் கேட்கலாம். விதி அனுமதித்ததையும் செய்யாது விட்டதனால்தான் அக்கதை இன்றும் சொல்லப்படுகின்றது.

கதை மிகைப்பட்டது என்போர் அதே ஆண்டு செப்டெம்பரில் நடந்ததைப் பார்க்கட்டும். பூயின் ஸஹ்ரா பூகம்பத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தக்தி தெஹ்ரான் வீதிகளில் இறங்கி, பாதிக்கப்பட்டோருக்காக மக்களிடம் கையேந்தினார். அரசை நம்பாதவர்களும் அவரை நம்பிக் கொடுத்தனர். முஸத்திக்கின் தேசிய முன்னணியை ஆதரித்த அவரை ஷாவின் ஆட்சி விரும்பவில்லை. 1968 ஜனவரியில் தெஹ்ரான் ஹோட்டல் ஒன்றில் அவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. மக்களில் பலர் அதை நம்பவில்லை. பெருங்கூட்டம் அவரது ஜனாஸாவில் திரண்டது.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்த அளவுகோலை ஏற்கும் நாம், நமது பிள்ளைகளுக்கு வீரர்களை அறிமுகப்படுத்தும்போது பதக்கப் பட்டியலை மட்டும் கொடுப்பது போதாது. சிறந்த மல்யுத்த வீரர் மெத்வெத் என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. பயில்வான் யார் என்று கேட்டால் தக்தியைத்தான் சொல்வேன்.