60% குறுவை, 70% சம்பா... கூட்டினா 130% வருதே, எப்படி?

நீடாமங்கலம் பக்கம் 100 விவசாயிகளிடம் சர்வே எடுப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). 'குறுவை நட்டீங்களா?' 60 பேர் ஆமா என்கிறார்கள். 'சம்பா அல்லது தாளடி நட்டீங்களா?' இதற்கு 70 பேர். கூட்டினால் 130. ஆளே 100 பேர்தானே?

யாரும் பொய் சொல்லவில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நட்டு, அதை அறுத்த அதே வயலில் அடுத்து தாளடி போடுவது டெல்டாவின் இருபோகம். அப்படிச் செய்தவர் ரெண்டு கேள்விக்கும் ஆமா என்பார். ரெண்டு முறை எண்ணப்படுவார்.

சரி, ரெண்டு போகமும் நட்டவர்கள் எத்தனை பேர்? இந்த ரெண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. குறைந்தது 30 பேர், அதிகபட்சம் 60 பேர். அவ்வளவுதான் தெரியும்.

இங்கேதான் பலர் 0.6-ஐ 0.7-ஆல் பெருக்கி 42% என்று போட்டுவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷயங்களுக்குத்தான் அந்தப் பெருக்கல் சரி. குறுவை நட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்துத்தானே அடுத்த போகமே!

தேவை இன்னொரு கேள்வி: 'ரெண்டுமே நடலையா?' 5 பேர் ஆமா என்றால், ஒரு போகமாவது நட்டவர்கள் 95. இனி 60-ஐயும் 70-ஐயும் கூட்டி 95-ஐக் கழித்தால் 35. நிகழ்தகவு 0.35. பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் வரும் கூட்டல் தேற்றம்தான் இது.

இதனால் என்ன ஆகப்போகுது என்கிறீர்களா? 70-ல் 35 போனால், குறுவை இல்லாமல் ரெண்டாவது கேள்விக்கு மட்டும் ஆமா சொன்னவர்கள் 35 பேர். ஜனவரியில் அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்தால், வருஷத்து நெல் வருமானமே போவது இவர்களுக்குத்தான். பெருக்கல் போட்டவர் கணக்கில் இவர்கள் 28 பேர். 7 குடும்பம் பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. குறுவை நட்டவர்களில் ரெண்டாம் போகமும் நட்டவர்கள் 60-க்கு 35, அதாவது 58%. திருப்பிக் கேட்டால் 70-க்கு 35, அதாவது 50%. ஆட்கள் அதே 35 பேர்தான். யாரில் எத்தனை பேர் என்று கேட்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

நிலத்துக்கும் இதே கதைதான். ஒரு ஏக்கரில் இருபோகம் என்றால் மொத்த சாகுபடிப் பரப்பு 2 ஏக்கர், நிகர சாகுபடிப் பரப்பு 1 ஏக்கர். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சர்வே எண் வாரியாகப் பயிர் பதிவாவதால், எந்த வயலில் ரெண்டு போகம் என்பதை அங்கே நேரடியாகவே எண்ணிவிடலாம்.