பாறசாலையின் பழைய எழுத்துக்கூட்டல்

களியக்காவிளையைக் கடந்ததும் வரும் பாறசாலையை இணையத்தில் தேடுவோர் தொடர்வண்டி நிலையத்தையும் அண்மைக்கால நீதிமன்றச் செய்திகளையுமே காண்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அங்கே அனேகமாக இல்லை. ஆவணங்கள் இல்லாமையன்று இதற்குக் காரணம். ஊரின் பெயர் அவற்றில் வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதே காரணம்.

இலண்டன் மிஷன் சங்கத்தார் தென் திருவிதாங்கூரில் தம் பணியை நாகர்கோவில், நெய்யூர் முதலிய மிஷன் மாவட்டங்களாகப் பிரித்திருந்தனர். அவற்றுள் ஒன்று பாறசாலை. அதனை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது பி, ஏ, ஆர், இ, ஒய், சி, எச், ஏ, எல், இ, ஒய் என்னும் பதினோரு எழுத்துகளில். இங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ் 1870-இல் வெளியிட்ட நினைவுநூலும், சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி'யும் இந்த வடிவத்தையே ஆள்கின்றன. 1855-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், 1858-59-இன் தோள்சீலைக் கலகமும், 1859 ஜூலை 26-ஆம் நாள் அரச அறிவிப்பும் எல்லைப்புற ஊர்களில் எவ்வாறு உணரப்பட்டன என்பதை அறிய விழைவோர் இப்பதிவுகளை ஒதுக்க இயலாது. அடிமைகளாயிருந்தோரும் தோள்சீலைக்குப் போராடிய பெண்களும் தம் கைப்பட எழுதி வைத்தவை மிகச் சிலவே. மிஷனரியின் சார்பையும் கணக்கிற்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும் என்பது வேறு.

அந்தப் பதினோரு எழுத்துகளையும் வெறுமனே இட்டால் தேடுபொறி அதனைப் பிழையெனக் கருதித் தனக்குப் பழகிய சொல்லுக்கு மாற்றிவிடக்கூடும். இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால்தான் அவ்வடிவத்தையே தேடும். பழைய வடிவையும் இன்றைய வடிவையும் ஒருங்கே தேட, இடையில் 'ஆர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட வேண்டும். கூகுளில் உடுக்குறி ஒரு முழுச் சொல்லுக்கே பதிலியாகும், எழுத்துக்கு ஆகாது. ஆகவே நெய்யாற்றின்கரை, நெய்யாற்றங்கரை எனத் திரிபு தோறும் தனித்தனியே எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கழித்தல் குறியின் அருமை இன்னும் பழைய காலத்தைத் தேடும்போது விளங்கும். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, கி.பி. 866-ஐச் சேர்ந்தது, 95 சட்டர்களுக்கு இடமளித்த ஒரு சாலையைப் பற்றிப் பேசுகிறது. அச்சாலை கல்விக்கூடம். தேடுபொறிக்கோ சாலை என்றால் தார்ச்சாலைதான்! 'விபத்து', 'நெடுஞ்சாலை' என்னும் சொற்களின் முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறியை ஒட்டிய பிறகே டி. ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்த திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை போன்றவை மேலெழுகின்றன.

காலவரம்பு இடும் கட்டளைகள் பலரை ஏமாற்றுகின்றன. 1900-க்கு முன் என்று வரையறுத்தால் பழைய நூல்கள் வரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அக்கட்டளை பார்ப்பது வலைப்பக்கம் வெளியான நாளை. 1871-இன் நூல் எந்த ஆண்டில் வலையேற்றப்பட்டதோ அந்த ஆண்டுக்கே உரியதாகிவிடும். நூற்றாண்டு வாரியாகத் தேடுவதற்குக் கூகுள் புக்ஸின் கால வடிகட்டியே ஏற்றது. ஆர்க்கைவ் தளத்தின் பெயரைக் கூகுளில் வரம்பாக இடுவதைவிட, அத்தளத்திலேயே உள்ள முழுப்பாடத் தேடலைப் பயன்படுத்துவது நல்லது. நூல்களின் உட்பக்கங்களை அது துழாவும். அங்கும் மங்கிய அச்சில் 'சி' என்னும் எழுத்து 'இ' எனப் படிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்பிழை வடிவையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண்வேலையன்று.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எனவே எல்லைப் போராட்டத்தைத் தமிழில் மட்டும் தேடுவோருக்கு ஒரு கரையும் மலையாளத்தில் மட்டும் தேடுவோருக்கு மறுகரையுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. இரு மொழி எழுத்துகளிலும் ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயரை இட்டு ஒரே வரியில் தேடலாம். மதிலகம் ஓலைச்சுருணைகளுக்கு மட்டும் இன்றும் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.