போரும் நிலக்கரியும்: அண்ணல் எதிர்கொண்ட அறச்சிக்கல்



இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்கு ஸ்டாலின்கிராடும் ஹிரோஷிமாவும் நினைவுக்கு வருகின்றன. ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்கள் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் போர் அடித்தட்டு மக்களிடம் எதைக் கேட்டது என்று அறிய நாம் அங்கேதான் போக வேண்டும்.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலக்காமல் இந்தியாவைப் போரில் இறக்கினார். காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாடு வேறாக இருந்தது. பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் நாஜிகள் வென்றால் யாருடைய விடுதலைக்கும் இடமிராது என்று அவர் கருதினார். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திய அதே ஆங்கில அரசு, அவருடைய வற்புறுத்தலுக்குப் பின் 1941இல் மகர் ரெஜிமெண்டை அமைத்தது. 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினரானார்.

ஏகாதிபத்தியத்தின் அவையில் அமர்ந்துகொண்டு பாசிசத்தை எதிர்க்கலாமா என்ற கேள்வியை அவரை நோக்கிப் பலர் எழுப்பியிருக்கிறார்கள். நாமும் பதில் சொல்லியிருக்கிறோம். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று சுரங்கத்தில் இருக்கிறது.

ரயிலுக்கும் ஆலைக்கும் நிலக்கரி வேண்டும். தொழிலாளர்களோ கூடுதல் கூலி கிடைத்த ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். உற்பத்தி சரிந்தது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று 1937 முதல் இருந்த தடையை, 1943இல் அரசு நீக்கியது. அகில இந்தியப் பெண்கள் மாநாடு அதைக் கடுமையாக எதிர்த்தது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் அந்த முடிவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அண்ணலுடையதாயிற்று. இது நெருக்கடிக்கால ஏற்பாடு என்றார். ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் உண்டு என்றார்.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் சந்தால் பழங்குடிப் பெண்கள், பவுரி போன்ற தீண்டப்படாத சாதிப் பெண்கள். அப்போதுதான் வங்கத்தைப் பஞ்சம் சூறையாடியது. இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. பசித்த வயிற்றோடு சுரங்கத்தில் இறங்கியவளிடம் 'நீ விரும்பித்தானே வந்தாய்' என்று யார் கேட்க முடியும்?

அண்ணல் அதை அறியாதவர் அல்லர். 1943 டிசம்பரில் நிலக்கரிப் பகுதிக்குச் சென்று, தாமே சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944 தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டது. போர் முடிந்தபின் 1946இல் தடை மீண்டும் வந்தது. இவை உண்மை. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்கள் இருட்டில் கரி சுமந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

அதே 1943 ஜனவரியில், புனேயில் ரானடே நினைவு உரையில், தலைவர்களைத் தொழும் வழக்கத்தை அண்ணல் கண்டித்தார். அவர் படத்துக்கு மாலையிடும் நாம் அந்த உரைக்கும் கட்டுப்பட்டவர்கள். நாஜிகள் தோற்கவேண்டும் என்று அவர் எண்ணியது சரி. அந்தச் சரியான போரும் தன் சுமையை அடியில் கிடந்தவர் தலையில்தான் ஏற்றியது. அவரை நேசிக்கும் நாம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாட்டுக்கு நெருக்கடி என்று எந்த அரசு சொன்னாலும், முதலில் யாரைச் சுரங்கத்துக்குள் இறக்குகிறார்கள் என்று கேட்கும் பொறுப்பு நம்முடையது.