புகையிரத வேலைத்தளத்திற் பிறந்த கழகம்: டண்டோக் உதைபந்தாட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு எழுதப்படும்போது அது பெரும்பாலும் வெற்றிப் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றது. எந்த ஆண்டில் எந்தக் கிண்ணம் கிடைத்தது, யார் எத்தனை கோல்கள் போட்டனர் என்பவற்றைத் தொகுத்ததும் பணி முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதே வரலாறு எனக் கொள்ளப்பட்ட காலத்தின் எச்சம் இது எனலாம். அயர்லாந்தின் கிழக்குக் கரையில் அமைந்த டண்டோக் நகரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு, நீளமானது. 1933க்கும் 2019க்கும் இடையில் அக்கழகம் பதினான்கு தடவை அயர்லாந்து லீக்கை வென்றது. ஆயின் ஏறத்தாழ நாற்பதினாயிரம் மக்களே வாழும் எல்லையோர நகரொன்று தலைநகர்க் கழகங்களுக்கு இவ்வாறு ஈடுகொடுத்தது எங்ஙனம்? அக்கழகம் எக்காலத்தில் யாருக்கு உரியதாக இருந்தது? பட்டியல் இவற்றுக்கு விடை தராது. விடையைத் தேடுவோர் உதைபந்தாட்ட மைதானத்தை விட்டுப் புகையிரத வேலைத்தளத்துக்குச் செல்லவேண்டும்.

டப்ளினுக்கும் பெல்பாஸ்றுக்கும் ஏறக்குறைய நடுவே, இரு நகரங்களையும் இணைக்கும் புகையிரதப் பாதையில் டண்டோக் அமைந்துள்ளது. 1876இல் பல சிறு புகையிரதக் கம்பனிகள் ஒன்றிணைந்து அயர்லாந்தின் பெரும் வடபுகையிரதக் கம்பனி உருவாயிற்று. 1881 முதல் அக்கம்பனியின் இயந்திர வேலைத்தளம் டண்டோக்கில் இயங்கலாயிற்று. இயந்திரங்களும் பெட்டிகளும், பிற்காலத்தில் பஸ் வண்டிகளுங்கூட அங்கு கட்டப்பட்டன. இவ்வேலைத்தளத் தொழிலாளர் 1903இல் தொடங்கிய உதைபந்தாட்டக் குழுவே பின்னாளில் டண்டோக் கழகமாக வளர்ந்தது. தொடக்கத்தில் அது கம்பனியின் பெயரையே தாங்கியிருந்தது. இங்கிலாந்திலும் இதுவே நடந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்று உலகறிந்த மன்செஸ்ரர் யுனைற்றட் கழகமும் 1878இல் புகையிரதத் தொழிலாளர் குழுவாகவே தோன்றியது.

எனினும் அயர்லாந்தில் இவ்விளையாட்டு வேறொரு சுமையையும் தாங்கவேண்டியிருந்தது. 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் தேசிய இயக்கத்துடன் பின்னிப்பிணைந்து வளர்ந்தது. உதைபந்தாட்டம், கிரிக்கெற், றகர், ஹொக்கி ஆகியன அந்நியர் ஆட்டங்கள் எனவும், அவற்றில் ஈடுபடுவோருக்குத் தம் சங்கத்தில் இடமில்லை எனவும் அது விதி வகுத்தது. இவ்விதி 1971 வரை நீக்கப்படவில்லை. அதன் கடுமைக்கு ஒரு சான்று: அயர்லாந்தின் முதல் சனாதிபதியும் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியின் முன்னோடியுமான டக்ளஸ் ஹைட், 1938இல் ஒரு சர்வதேச உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கச் சென்ற குற்றத்துக்காகச் சங்கத்தின் புரவலர் நிலையிலிருந்து நீக்கப்பட்டார். ஐரிஷ் மொழிக்கு வாழ்நாளை அளித்தவருக்கே இந்தக் கதியெனில், சம்மட்டியும் உலையுமாக வாழ்ந்த தொழிலாளியைச் சொல்லவேண்டியதில்லை. பண்பாட்டுத் தூய்மையின் காவலர்கள், உழைக்கும் மக்கள் எதை விரும்பி ஆடினர் என்று கேட்கத் தவறினர் என்பதே எமது கருத்து.

1921இல் நாடு பிரிக்கப்பட்டது. அதே ஆண்டில் உதைபந்தாட்டமும் பிரிந்தது. 1880 முதல் பெல்பாஸ்றிலிருந்து முழுத்தீவையும் நிருவகித்த சங்கத்தினின்றும் விலகி, டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய சங்கம் ஒன்று எழுந்தது. 1923 ஏப்ரலில் சுங்க எல்லை நடைமுறைக்கு வந்தது. ஒரே கம்பனியின் பாதை இரு அரசுகளுக்கு இடையில் அறுபட, நேற்றுவரை இடைவழி நகராயிருந்த டண்டோக், புகையிரதங்கள் சுங்கச் சோதனைக்காகத் தரித்து நிற்கும் எல்லை நகராயிற்று. இந்நிலையில், 1926இல் புகையிரதத் தொழிலாளரின் கழகம் டப்ளினை மையமாகக் கொண்ட லீக்கிற் சேர்ந்தது.

அந்த லீக்கில் டண்டோக் மட்டுமே தொழிலகக் கழகமாக இருக்கவில்லை. 1921–22இல் லீக்கின் முதற் சம்பியனான சென் ஜேம்சஸ் கேற் கின்னஸ் மதுவடிசாலையின் கழகம். ஜேக்கப்ஸ் பிஸ்கற் தொழிற்சாலைக்கும், கோர்க் நகரின் போர்ட் தொழிற்சாலைக்கும் கழகங்கள் இருந்தன. இவற்றின் கதி என்ன? ஜேக்கப்ஸ் 1932இல் லீக்கை விட்டு நீங்கியது. கின்னஸ் கழகம் 1944இல் நீங்கி, மீண்டும் நுழைவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. போர்ட் தொழிலாளரின் கழகம் 1930இல் நகரின் பெயரைச் சூடிக்கொண்டபோதிலும் அத்தசாப்தம் முடியுமுன்னரே மறைந்தது. அதே 1930இல் டண்டோக்கும் கம்பனியின் பெயரைக் களைந்து நகரின் பெயரைச் சூடியது. அது மட்டும் நிலைத்தது. டப்ளினில் ஒரு கழகம் மறைந்தால் ஆதரவாளர் செல்வதற்கு அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது. டண்டோக்கில் இதனை விட்டால் வேறொன்றில்லை. வேலைத்தளத்தின் கழகம் நகரின் கழகமாக மாறியது இவ்வாறே.

1932–33 பருவத்தில் டண்டோக் லீக்கை வென்றது. டப்ளினுக்கு வெளியே சென்ற முதலாவது சம்பியன் பட்டம் அது. பிரித்தானியாவுடனான பொருளாதாரப் போர் எல்லை வணிகத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம். 1933இன் தொடக்கத்தில் வடக்கில் ஊதிய வெட்டை எதிர்த்துப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்த மாதங்களும் அதே பருவத்துள் அடங்கும். 1936இல் ஓரியல் பார்க் மைதானம் கழகத்தின் இல்லமாயிற்று. தேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் 1931, 1935, 1938 என மூன்று தடவை தோற்ற பின்னர் 1942இல் அதனை வென்றது. அவ்வாண்டே, எல்லையின் இருபுறத்துக் கழகங்களும் பங்குகொண்ட டப்ளின்–பெல்பாஸ்ற் நகரிடைக் கிண்ணத்தின் முதற் போட்டியிலும் வெற்றி கண்டது. அரசியல் பிரித்தவற்றை உலகப்போர்க்காலத் தட்டுப்பாடு சிறிது காலம் ஒன்றுசேர்த்தது விந்தையே.

போருக்குப் பின்னர் புகையிரதக் கம்பனி வீழ்ச்சியுற்றது. 1953இல் இரு அரசுகளும் அதனைக் கூட்டாகப் பொறுப்பேற்றன. 1958இல் அந்த ஏற்பாடும் கலைக்கப்பட்டது. டண்டோக் வேலைத்தளம் புகையிரதத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனிப் பொறியியற் கம்பனியாயிற்று. கழகத்தைப் பெற்ற தாய் மறைந்தாள். பிள்ளை 1963இல் முப்பதாண்டுகளின் பின் மீண்டும் லீக்கை வென்றது. அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் சூரிக் நகரில் 2–1 என வென்று, ஐரோப்பிய எதிரியை அதன் மண்ணிலேயே வீழ்த்திய முதல் அயர்லாந்து லீக் கழகம் என்ற பெயரும் பெற்றது. ஆயின் 1960களின் நடுவில் உறுப்பினர் வசமிருந்த கழகம் பங்குதாரர் கம்பனியின் கைக்கு மாறியது. 1967இல் கிடைத்த பட்டம் மாற்றத்தை நியாயப்படுத்துவதாகத் தோன்றியிருக்கலாம். அம்மாற்றத்தின் முழு விளைவும் வெளிப்பட அரை நூற்றாண்டு சென்றது.

1969இன் பின்னர் வடஅயர்லாந்திற் கலவரம் மூண்டபோது, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல டண்டோக்கில் வந்து குடியேறின. ஆயுதமேந்தியோரும் வந்தனர். பிரித்தானியப் பத்திரிகைகள் நகருக்கு ‘எல் பாசோ’ எனப் பட்டஞ்சூட்டி, அங்கு வாழ்ந்த எல்லோரையும் கொள்ளையராகச் சித்திரித்தன. 1975 டிசெம்பர் 19ஆந் திகதி நகர மத்தியில் வடக்கு விசுவாசிகள் வைத்த கார்க்குண்டு இருவரைப் பலிகொண்டது. அந்தப் பருவத்திலேதான் டண்டோக் மீண்டும் லீக்கை வென்றது. பயிற்றுநர் ஜிம் மக்லோக்லின் எல்லைக்கப்பாலுள்ள டெரி நகரத்தவர். 1974 முதல் 1983 வரை அவர் கழகத்தை வழிநடத்திய காலமே அதன் பொற்காலம் எனப் பலராலும் குறிக்கப்படுகின்றது.

1979இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் டண்டோக்குக்கு எதிராகக் குறிக்கப்பட்டது பெல்பாஸ்றின் லின்பீல்ட் கழகம். புரட்டஸ்தாந்து மக்களின் பெருங்கழகம் அது. ஓகஸ்ற் 27இல் மௌன்ற்பேட்டன் பிரபு, உலகப் போரின்போது பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் அமைத்திருந்த அதே தளபதி, அயர்லாந்தின் மேற்குக் கரையிற் படகுக் குண்டுக்குப் பலியானார். அன்றே டண்டோக்குக்கு அண்மையில், எல்லைக்கு அப்பால், பிரித்தானியப் படையினர் பதினெண்மர் கொல்லப்பட்டனர். இரு நாட்களின் பின் ஓரியல் பார்க்கில் ஆட்டம் நடந்தது. கல்லெறியும் கலகமுமாக முடிந்த அவ்வாட்டத்தின் பெறுபேறு 1–1. பெல்பாஸ்றில் நடக்கவேண்டிய மறு ஆட்டம் ஒல்லாந்தின் ஹார்லம் நகருக்கு மாற்றப்பட்டது. எண்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரு நகரங்களின் இளைஞர் பந்துதைப்பதற்குக் கடல் கடந்து செல்லவேண்டியிருந்தது! டண்டோக் 2–0 என வென்றது.

மோல்ற்றாவின் ஹைபேர்னியன்ஸ் கழகத்தையும் வென்ற பின் செல்ரிக் கழகத்தைச் சந்தித்தது. கிளாஸ்கோ நகரின் ஐரிஷ் குடியேறிகளிடையே தோன்றிய கழகம் செல்ரிக். பஞ்சத்தால் நாட்டை விட்டுச் சென்றோரின் வழித்தோன்றல்களும் நாட்டில் எஞ்சியோரின் வழித்தோன்றல்களும் எதிர்நின்று ஆடினர் எனலாம். கிளாஸ்கோவில் டண்டோக் 2–3 எனத் தோற்றது. ஓரியல் பார்க்கில் 0–0. அங்கு ஒரேயொரு கோல் கிடைத்திருப்பின், எதிரி மண்ணிற் போட்ட இரு கோல்களின் பலத்தால் டண்டோக்கே காலிறுதிக்குச் சென்றிருக்கும். செல்ரிக் சென்றது, அங்கு றியல் மட்றிட் காத்திருந்தது.

பின் வந்த பட்டங்களை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 2002இல் கிண்ணத்தை வென்ற அதே பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. 2012இல் கழகமே அழியும் நிலை தோன்றியபோது ஆதரவாளர் பணந் திரட்டினர், உள்ளூர் வணிகர் இருவர் பொறுப்பேற்றனர். அவர்கள் நியமித்த ஸ்ரீபன் கெனியின் பயிற்சியில் 2014, 2015, 2016 என அடுத்தடுத்து மூன்று பட்டங்கள் கிட்டின. 2016இல் பெலறூசின் பற்றே கழகத்தை வென்று ஐரோப்பாவின் குழுநிலைப் போட்டிகளுக்குள் நுழைந்தது. அங்கு அல்க்மார் கழகத்துடன் சமநிலை கண்டும், மக்காபி ரெல் அவிவ் கழகத்தை வென்றும், குழுநிலையிற் புள்ளி பெற்ற முதல் அயர்லாந்துக் கழகமாயிற்று. இரு ஆட்டங்களிலும் கோல் போட்டவர் கீரன் கில்டவ். ஓரியல் பார்க் ஐரோப்பியத் தராதரத்தை எட்டாமையால் சொந்த மைதான ஆட்டங்கள் டப்ளினின் புறநகரான ராலாவில் நடந்தன.

இவ்வெற்றியே முதலீட்டாளரை ஈர்த்தது. 2018இல் சிக்காகோ நிதி நிறுவனமொன்றின் ஆதரவு பெற்ற அமெரிக்கக் குழு கழகத்தை வாங்கியது. 2018, 2019 பட்டங்கள் அவர்கள் காலத்தில் வெல்லப்பட்டன என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். ஆனால் 2021இன் இறுதியில் அவர்கள் விலகினர். உள்ளூரார் மீளப்பெற்று, மறுபடி கைமாற்றி, 2024 செப்ரெம்பரில் கழகம் கலைக்கப்படும் விளிம்புக்கு வந்தது. வீரர்களுக்கு ஊதியம் கொடுப்பதற்கே வழியிருக்கவில்லை. இறுதி வேளையில் வேறொருவர் பொறுப்பேற்றமையால் கழகம் தப்பியது. அப்பருவ முடிவில் அது கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு பயிற்றுநராக வந்தவர் அதே கில்டவ். 2025இல் முதற்பிரிவை வென்று மேற்பிரிவுக்கு மீண்டது டண்டோக்.