மண் மாதிரியும் பசளை அளவும்

பயிர் மண்ணிலிருந்து உணவு பெறுகின்றது என்பதைப் பண்டைக் கமக்காரரும் அறிந்திருந்தனர். அவ்வுணவு யாது, அஃது எவ்வளவு தேவை என்னும் வினாக்களை முறையாக ஆராயும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1840இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் யுஸ்டஸ் லீபிக் விவசாய இரசாயனம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1843இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில் லோஸ், கில்பேட் என்போர் நெடுங்காலப் பரிசோதனைகளைத் தொடங்கினர். பசளையின் பயன் இவற்றால் விளங்கிற்று. ஆயினும் ஒரு வயலின் எப்பகுதிக்கு எவ்வளவு இடுதல் வேண்டும் என்னும் வினா எஞ்சி நின்றது.

இவ்வினாவை நேரே எதிர்கொண்டோருள் இலினோய்ச் சர்வகலாசாலையார் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் அம்மாநிலத்தில் மண்ணின் அமிலத்தன்மை பல இடங்களிற் பயிரைக் கெடுத்தது. அதனைத் தணிக்கச் சுண்ணக்கல்லை இடுமாறு சிரில் ஹொப்கின்ஸ் என்னும் பேராசிரியர் கமக்காரரை வற்புறுத்தி வந்தார். 1929இல் லின்ஸ்லி, பவுவர் என்னும் இருவர் அங்கு ஒரு சிறு வெளியீட்டில் மேலும் ஒரு படி சென்றனர். வயலின் பல இடங்களில் மண்ணெடுத்துச் சோதித்து, அமிலத்தன்மையைக் காட்டும் படமொன்று வரைந்து, அப்படத்தின்படியே சுண்ணக்கல்லை இடுக என்பது அவர்தம் அறிவுரை.

இதன் நியாயத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு வயலின் ஒரு பாதிக்கு ஏக்கருக்கு 4 தொன் சுண்ணக்கல் வேண்டும். மறுபாதிக்கு எதுவும் வேண்டியதில்லை எனக் கொள்வோம். சராசரி கண்டு எங்கும் 2 தொன் இட்டால், முதற்பாதியின் குறை தீராது. மறுபாதியில் இட்டது வீணாகும். கணக்கு சரியாயிருந்தும் வயலின் இரு பாதிகளும் பிழைபட்டன.

எனினும் அவ்வறிவுரை பரவலாக நிலைக்கவில்லை. உழவுப் பொறிகள் பெருகின, சிறு வயல்கள் இணைந்து பெருவயல்களாயின, பசளையும் மலிந்தது. இந்நிலையில் வயல் முழுவதற்கும் ஒரே அளவை இடுதலே எளிதாயிற்று. 1945இல் பிறே, கேட்ஸ் என்போர் பொசுபரசை அளக்கும் முறையை வெளியிட்டனர். இவ்வாறு சோதனை நுட்பம் வளர்ந்த காலத்திலும், பல இடத்து மண்ணை ஒன்றாய்க் கலந்து ஒரே விடை பெறுவதே பெருவழக்காயிருந்தது.

1980களில் இடத்துக்கேற்ப அளவை மாற்றும் பசளைப் பொறிகள் தோன்றின. 1995இல் அமெரிக்கரின் செய்மதி இடங்காண் முறை முழுமையாய் இயங்கத் தொடங்கிற்று. 2000 மே மாதத்தில் பொதுமக்களுக்கான அதன் துல்லியத்தைக் குறைத்து வந்த தடையும் நீக்கப்பட்டது. 1929இல் தாளில் வரைந்த படம் இப்போது பொறியையே வழிநடத்தலாயிற்று. புதியதெனப் போற்றப்படும் இம்முறையின் கருத்துப் பழையது. அதனைப் பெருவயலில் நிறைவேற்றுங் கருவியே புதியது.

இதனாற் பொருட்செலவு மட்டுமன்றி வேறொன்றும் பேணப்படும். பயிர் கொள்ளாத பசளையின் ஒரு பகுதி நீரோடு செல்லும். மிசிசிப்பி ஆற்றுவழியே அவ்வாறு சேரும் நைதரசனும் பொசுபரசும் மெக்சிக்கோக் குடாவில் ஒட்சிசன் குன்றுதற்குக் காரணமாகின்றன.

ஆயினும் கருவியின் திறன் மாதிரியின் உண்மையைக் கடந்து செல்லாது. ஓர் ஏக்கரின் உழுபடை மண் ஏறத்தாழ 20 இலட்சம் இறாத்தல்; ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படுவதோ சில கிராம். எருக்குவியல் இருந்த இடத்திலோ வரம்போரத்திலோ எடுத்த மண் வயலின் இயல்பை உரைக்காது. அப்பிழையைப் பின்னர் எந்த நுண்கருவியாலும் திருத்தவியலாது. வயலில் நடந்து, ஏற்ற இடந்தெரிந்து, உரிய ஆழத்தில் மண்ணெடுக்கும் கையிலேயே இவ்விஞ்ஞானம் இன்றும் தொடங்குகின்றது.